துண்டு வெட்டிய பிறகு: ஆஸ்பத்திரி வாசலுக்கும் கோயில் வாசலுக்கும் இடையே

எனது பெரியம்மா கிளிநொச்சி மாவட்டத்தில், பிரதான வீதியிலிருந்து உள்ளே போகவேண்டிய ஒரு கிராமத்தில் தனியாக வசிக்கிறார். பெரியப்பா செல்லடியில் இறந்தவர். ஒரே மகன் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். பெரியம்மாவுக்கு இப்போது 67 வயது. பிரஷர், சீனி இரண்டும் இருக்கின்றன.

கடந்த வருடம் ஒருநாள் இரவு மூச்செடுக்க முடியாமல் தவித்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர் தனது ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆறு நாட்கள் வார்ட்டில் வைத்திருந்தார்கள். நன்றாகவே பார்த்தார்கள். ஏழாவது நாள் துண்டு வெட்டினார்கள். ஒரு பையில் ஐந்து விதமான குளிசைகள், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு அட்டை, இரண்டு கிழமை கழித்து கிளினிக்குக்கு வரவேண்டிய திகதி. நான்தான் வீட்டுக்குக் கூட்டிச் சென்றேன். அடுத்த நாள் வேலை இருந்ததால் யாழ்ப்பாணம் திரும்பிவிட்டேன்.

ஐந்தாவது கிழமை பெரியம்மா மீண்டும் அதே வார்ட்டில் இருந்தார். இந்தமுறை நிலைமை இன்னும் மோசம். வார்ட்டில் இருந்த மிஸ் கேட்டார், "அம்மா, கிளினிக்குக்கு ஏன் வரேல்லை? குளிசையை ஏன் நிப்பாட்டினீங்கள்?" பெரியம்மா சொன்ன பதில் இதுதான்: "அண்டைக்கு விடிய பஸ் வரேல்லை மிஸ். அடுத்த கிழமை போவம் எண்டு இருந்தன். குளிசையும் முடிஞ்சுது. உடம்பும் சுகமாத்தான் கிடந்தது."

பெரியம்மா தேறி வீட்டுக்கு வந்த பிறகு, அவர் வெள்ளிக்கிழமைகளில் போகும் பிள்ளையார் கோயிலில் மாலை கட்டும் அக்காவைச் சந்தித்தேன். அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "ரெண்டு வெள்ளி அம்மாவைக் காணேல்லை. போய்ப் பாத்தால் ரெண்டு காலும் வீங்கிக் கிடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போங்கோ எண்டு சொன்னனாங்கள், மாட்டன் எண்டிட்டா. என்ன வருத்தம், என்ன குளிசை எண்டு எங்களுக்குத் தெரியாதுதானே."

பெரியம்மாவுக்கு இருந்தது இருதயம் பலவீனமாகும் நோய். இருதயம் இரத்தத்தைப் போதிய வேகத்தில் தள்ளாதபோது உடலில் நீர் தேங்கும். முதலில் கால் வீங்கும், பிறகு நுரையீரலில் நீர் சேரும், படுக்க முடியாது. மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் நிறை கூடினால் அது ஆபத்தின் அறிகுறி. இதை விளங்கிக்கொள்ளப் படிப்புத் தேவையில்லை. ஒரு தராசும், சொல்லிக்கொடுக்க ஒருவரும் போதும். ஆஸ்பத்திரிக்கு நோய் என்னவென்று தெரிந்திருந்தது, ஆனால் அது திரும்பி வந்தது தெரியவில்லை. கோயிலடிப் பெண்களுக்குப் பெரியம்மா சுகமில்லாமல் இருப்பது தெரிந்திருந்தது, ஆனால் நோய் என்னவென்று தெரியவில்லை. இந்த இரண்டு அறிவும் மூன்று கிழமையாக ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

இவை சந்திப்பதற்கு யாராவது எங்காவது ஏற்பாடு செய்திருக்கிறார்களா என்று தேடியபோது, அமெரிக்காவின் தெற்கிலுள்ள ஒரு நகரத்தின் அனுபவம் கிடைத்தது.

மெம்பிஸில் என்ன செய்தார்கள்?

டெனசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரம் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம். துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டது இங்கேதான். வறுமையும் சலரோகமும் இருதய நோயும் கறுப்பினக் குடியிருப்புகளில் அதிகம். அதோடு ஆஸ்பத்திரி மீதான அவநம்பிக்கையும் அதிகம். அதற்குக் காரணம் உண்டு. அயல் மாநிலமான அலபாமாவின் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை அமெரிக்க அரசின் பொதுச் சுகாதார சேவை கறுப்பின ஆண்களை வைத்து ஒரு ஆய்வு நடத்தியது. அவர்களில் சிபிலிஸ் நோய் இருந்தவர்களுக்குப் பெனிசிலின் மருந்து கிடைக்கக்கூடியதான பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி வளர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைத்தியர் சொன்னால் எல்லாம் சரி என்று அந்தச் சமூகம் ஏன் நம்பவேண்டும்?

அந்த நகரத்தின் மிகப் பெரிய மருத்துவமனைக் குழுமங்களில் ஒன்று மெதடிஸ்ட் லெ பொனர் ஹெல்த்கெயர். 2000 களின் நடுப்பகுதியில் கேரி கண்டர்சன் என்பவர் அங்கே சமயம், சுகாதாரம் ஆகியவற்றுக்கான பிரிவின் பொறுப்பாளராக வந்தார். அவரும், உள்ளூர்ப் போதகர்களும், மருத்துவமனை ஊழியர்களும் சேர்ந்து 2006 அளவில் ஒரு வலையமைப்பைத் தொடங்கினார்கள். சபைகளின் சுகாதார வலையமைப்பு என்று தமிழில் சொல்லலாம். சில தேவாலயங்களுடன் ஆரம்பித்து ஐந்தாறு வருடங்களில் 400 க்கும் மேற்பட்ட தேவாலயங்கள் அதில் இணைந்தன.

வேலைமுறை இதுதான். ஒவ்வொரு தேவாலயமும் மருத்துவமனையுடன் ஒரு உடன்படிக்கையில் கையெழுத்திடுகிறது. இரு தரப்பும் என்ன செய்யும் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். தேவாலயம் தனது அங்கத்தவர்களில் ஒருவரையோ இருவரையோ இணைப்பாளராக நியமிக்கிறது. இவர்கள் தொண்டர்கள். மருத்துவமனை இவர்களுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறது. நோயாளியை எப்படிச் சந்திப்பது, வீடு திரும்பியவரை எப்படிக் கவனிப்பது, மரணத்தறுவாயில் இருப்பவருடன் எப்படி இருப்பது, மனநலப் பிரச்சினையை எப்படி அடையாளம் காண்பது போன்ற விடயங்கள் அதில் அடங்கும்.

மருத்துவமனை தன் பக்கத்தில் வழிகாட்டிகள் என்று சிலரை நியமிக்கிறது. இவர்கள் சம்பளம் பெறும் ஊழியர்கள். வலையமைப்பில் விரும்பிப் பதிந்த ஒருவர் வார்ட்டில் அனுமதிக்கப்பட்டால் மருத்துவமனையின் கணினிப் பதிவு அதைக் காட்டும். வழிகாட்டி கட்டிலடிக்கு வந்து பேசுவார். உங்கள் சபைக்கு அறிவிக்கட்டுமா, எதை அறிவிக்கலாம் என்று கேட்பார். நோயாளி சம்மதித்தால் மாத்திரம் இணைப்பாளருக்குத் தொலைபேசி போகும். பிறகு இணைப்பாளரின் வேலை தொடங்கும். வீட்டில் சாப்பாடு இருக்கிறதா, குளிசை வாங்கியாயிற்றா, கிளினிக்குக்கு யார் கூட்டிப்போவது, படியேற முடியாதவருக்குக் கட்டிலைக் கீழே போடுவது யார் என்பவைதான் அவர் கவனிக்கும் விடயங்கள். இவை எதுவும் மருத்துவம் அல்ல. ஆனால் இவை நடக்காவிட்டால் மருத்துவம் வீணாகிவிடும்.

இந்த ஏற்பாட்டின் நோக்கத்தை அங்கே நான்கு விடயங்களாகச் சொல்வார்கள். நோயாளி சரியான வாசலுக்கு வரவேண்டும், சரியான நேரத்தில் வரவேண்டும், சிகிச்சை பெற ஆயத்தமாக வரவேண்டும், தனியாக வரக்கூடாது. நான்காவதை வாசித்தபோது எனக்குப் பெரியம்மாவின் கட்டில்தான் நினைவுக்கு வந்தது.

இதன் வேர் அமெரிக்காவில் மட்டும் இல்லை. தென்னாபிரிக்காவின் கேப்டவுனை மையமாகக் கொண்ட ஆய்வாளர்கள் எயிட்ஸ் நோய் உச்சத்தில் இருந்த காலத்தில் சாம்பியாவிலும் லெசோத்தோவிலும் ஊர் ஊராகச் சென்று, உங்களுக்கு வருத்தம் வந்தால் யாரிடம் போவீர்கள், யார் உதவுவார்கள் என்று மக்களிடமே கேட்டு வரைபடங்கள் தயாரித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட அந்த ஆய்வில், அரசாங்கப் பட்டியலில் இல்லாத எத்தனையோ குழுக்கள் வெளிவந்தன. நோயாளரைக் குளிப்பாட்டுகிற, அநாதைப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிற, இறந்தவரை அடக்கம் செய்கிற சிறு சமயக் குழுக்கள் அவை. லெசோத்தோவின் செசோத்தோ மொழியில் 'பொபெலோ' என்ற ஒரே சொல் உயிர், வாழ்வு, உடல்நலம் எல்லாவற்றையும் குறிக்கும். நாங்கள் 'சுகமோ?' என்று கேட்கும்போதும் பிரஷர் எத்தனை என்று மட்டும் கேட்பதில்லை. அந்த ஆய்வில் கண்டர்சனும் பங்கெடுத்தவர். ஊரில் என்ன குறை என்று எண்ணுவதற்கு முன் என்ன இருக்கிறது என்று எண்ணவேண்டும் என்ற பாடத்தை அங்கிருந்துதான் மெம்பிஸுக்குக் கொண்டுசென்றார்கள்.

பலன் கிடைத்ததா?

ஆரம்ப கால மதிப்பீடு ஒன்றில் வலையமைப்பைச் சேர்ந்த 473 நோயாளிகளை, வயதிலும் நோயிலும் அவர்களை ஒத்த, ஆனால் வலையமைப்பில் இல்லாத அதே எண்ணிக்கையான நோயாளிகளுடன் ஒப்பிட்டார்கள். வலையமைப்பில் இருந்தவர்களின் இறப்பு வீதம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழ அரைவாசியாக இருந்தது. அவர்களுக்கான மருத்துவமனைச் செலவும் குறைவாக இருந்தது. திரும்ப அனுமதிக்கப்படும் வரையான காலம் அவர்களுக்கு நீண்டிருந்ததாகப் பின்னர் வந்த ஆய்வும் சொன்னது.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்துச் செய்த பரிசோதனை அல்ல இது. தேவாலயத்துடன் நெருக்கமாக இருக்கும் ஒருவருக்கு ஏற்கெனவே நாலு பேரின் துணை இருக்கும். அவர் குடிக்காதவராகவோ, ஒழுங்காக மருந்து எடுப்பவராகவோ இருந்திருக்கலாம். வலையமைப்பு இல்லாவிட்டாலும் அவர் நன்றாகத் தேறியிருக்கலாம். ஆகவே வலையமைப்பு இறப்பைப் பாதியாக்கியது என்று எழுதமுடியாது. வீட்டில் கவனிக்க ஆள் இருப்பவர்கள் நீண்டகாலம் வாழ்கிறார்கள், அந்தக் கவனிப்பை ஒழுங்குபடுத்துவது ஆகக்கூடிய காரியம் என்று எழுதலாம். எங்களுக்கு அதுவே போதுமான செய்தி.

மருத்துவமனை ஏன் இதற்குப் பணம் செலவழித்தது என்பதையும் பார்க்கவேண்டும். காப்புறுதி இல்லாத ஏழை நோயாளி திரும்பத் திரும்ப அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால் அங்கே அது மருத்துவமனையின் தலையில் விழும் செலவு. 2012 ஒக்டோபர் முதல், நோயாளிகள் 30 நாட்களுக்குள் அளவுக்கு அதிகமாகத் திரும்பி வரும் மருத்துவமனைகளுக்கு அமெரிக்க அரசு முதியோர் காப்புறுதிக் கொடுப்பனவைக் குறைக்கவும் தொடங்கியது. எங்கள் ஆஸ்பத்திரிகள் இலவசமானவை, அந்தக் கணக்கு இங்கில்லை. ஆனால் ஒரே கட்டிலுக்கு இரண்டு நோயாளிகள் காத்திருக்கும் வார்ட்டில், திரும்பி வராத ஒரு பெரியம்மா என்றால் அது வெறுமையான ஒரு கட்டில்.

கண்டர்சன் 2012 இல் வட கரோலைனா மாநிலத்தின் வின்ஸ்டன்-சேலம் நகரத்துக்கு மாறிச் சென்றார். அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனையின் துப்புரவு வேலையை வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுக்கும் யோசனை இருந்தது. அதைக் கைவிட்டு, அந்தத் துப்புரவு ஊழியர்களில் சிலரையே பயிற்றுவித்து, நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று பார்க்கும் சுகாதார ஆதரவாளர்கள் ஆக்கினார்கள். வார்ட்டில் நிலம் துடைக்கும்போது நோயாளியுடன் அதிகம் பேசுபவர்கள் அவர்கள்தான். நோயாளிகள் வாழும் அதே தெருக்களில்தான் அவர்களும் வாழ்ந்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரிகளிலும் நிலைமை இதுதான் என்பதை வார்ட்டில் ஒரு இரவு தங்கியவர்கள் அறிவார்கள்.

நம்பிக்கை இல்லாத இடத்தில் நடப்பது

சமயச் சமூகத்தையும் சுகாதாரத் துறையையும் எதிரெதிராக நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு மேற்கு ஆபிரிக்கா ஒரு பாடம். 2014 இல் கினி, லைபீரியா, சியராலியோன் ஆகிய நாடுகளில் எபோலா பரவியபோது, இறந்தவர்களின் உடலைக் கழுவித் தொட்டு வழியனுப்பும் வழக்கத்தால் நோய் மேலும் பரவியது. புதிய தொற்றுகளில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு அடக்கச் சடங்குகளின்போது ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அப்போது கணக்கிட்டது. முதலில் பாதுகாப்பு உடை அணிந்த குழுக்கள் வந்து உடலைப் பையில் போட்டுத் தூக்கிச் சென்றன. மக்கள் உடல்களை ஒளித்தார்கள், நோயாளிகளையும் ஒளித்தார்கள். 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் கிறிஸ்தவ, இஸ்லாமிய அமைப்புகளுடன் சேர்ந்து பாதுகாப்பானதும் கண்ணியமானதுமான அடக்கத்துக்கான நடைமுறை ஒன்றை வெளியிட்டது. குடும்பத்தின் சம்மதத்தைக் கேட்பது, தூரத்தில் நின்று செபிக்க இடம் கொடுப்பது, உடலைத் தொடாமல் செய்யக்கூடிய இஸ்லாமியச் சுத்திகரிப்பு முறை, வெள்ளைத் துணி, பெயர் எழுதிய கல்லறை என்பன அதில் இருந்தன. பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் அதை விளக்கிச் சொன்னவர்கள் வைத்தியர்கள் அல்ல, இமாம்களும் போதகர்களும்தான்.

இதை அறிந்த பிறகும், 2020 இல் எங்கள் நாட்டில் கொரோனாவால் இறந்தவர்கள் எல்லோரையும் எரிக்கவேண்டும் என்று வர்த்தமானி வெளியிடப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. முஸ்லிம் குடும்பங்களின் ஜனாஸாக்கள் அவர்களது கண்முன்னால் எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அனுமதி வந்து, ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. உடல் எரிக்கப்படும் என்று பயந்தால், காய்ச்சல் வந்த ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு யோசிப்பார். அந்தத் தயக்கத்தைப் பிற்பாடு வரும் எந்த மன்னிப்பும் ஒரே நாளில் நீக்காது.

எங்கள் மண்ணில்

எங்களுக்கு இது முழுக்கப் புதிய விடயமும் அல்ல. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். இடையில் சில வருடங்கள் தவிர, 1873 இல் நாடு திரும்பும்வரை மானிப்பாயில் வேலைசெய்தார். அறுபதுக்கு மேற்பட்ட உள்ளூர் இளைஞர்களை வைத்தியர்களாகப் பயிற்றுவித்தார். மேற்கத்தைய மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மதம் பரப்பும் நோக்கத்தோடு வந்த மிஷன் அது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நோயாளிக்கு விளங்கும் மொழியில் மருத்துவம் பேசவேண்டும் என்று அவருக்கு விளங்கியிருந்தது. 170 வருடங்களுக்குப் பின் பெரியம்மாவின் கையில் ஆங்கில அட்டை இருந்தது.

போர்க்காலத்தில் மருத்துவம் எட்டாத இடத்தைச் சமயம் நிரப்பியது. 1990 களில் மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் காணாமல் போனவர்களின் தாய்மார், உருவந்து வாக்குச் சொல்பவர்களிடம் போய் அழுததை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் பதிவுசெய்தார். யாழ்ப்பாணத்தில் தூக்குக் காவடி எடுத்தவர்களைப் பற்றி ஜேன் டேர்ஜஸ் எழுதினார். போரின் வடு தனியாளின் மனதில் மட்டுமல்ல, சமூகத்திலும் இருக்கிறது என்று மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் பல வருடங்களாக எழுதி வந்தார். ஊருக்குள் இருப்பவர்களைப் பயிற்றுவித்து அவர்கள் ஊடாகவே அதை ஆற்றவேண்டும் என்பது அவரது வழி.

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால்தான். பெரியம்மாவும் அங்கே போய் இருந்தவர். அந்தப் பந்தலில் இருந்த பெற்றோர் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று தெரியாமலே ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களது பிரஷரையும் சீனியையும் நினைவூட்ட வீட்டில் பிள்ளை இல்லை. சாட்சிகள் உயிரோடு இருப்பதும் நீதியின் ஒரு பகுதிதான்.

எங்கள் கட்டமைப்பில் ஒரு இடைவெளி இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணித் தாய்மாரையும் சிசுக்களையும் வீடு தேடிச்சென்று பார்க்கிறார். இலங்கை அதில் பெருமைப்படலாம். துண்டு வெட்டிய 67 வயதுப் பெண்ணை வீடு தேடிச்சென்று பார்க்கும் பொறுப்பு அப்படித் தெளிவாக யாருடைய கையிலும் இல்லை.

எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடங்கள்

மெம்பிஸை அப்படியே கொண்டுவந்து நட முடியாது. அப்படிச் செய்தால் தவறாகப் போகக்கூடிய இடங்கள் பல.

முதலாவது, பெயர்ப்பட்டியல். எங்கள் ஊர்களில் பெயரும் முகவரியும் எழுதிக்கொண்டு போனவர்களால் நடந்ததை யாரும் மறக்கவில்லை. யார் தனியாக இருக்கிறார், யாருக்கு என்ன நோய் என்ற பட்டியல் தவறான கைக்குப் போனால் ஆபத்து. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலுக்கு விசேட பாதுகாப்புக் கொடுக்கிறது. சட்டம் இருக்கிறதோ இல்லையோ, நோயாளி எதைச் சொல்லலாம் என்கிறாரோ அதை மட்டும், அவர் காட்டும் ஆளுக்கு மட்டும் சொல்வது என்பதில் விட்டுக்கொடுப்பு இருக்கக்கூடாது. 'அம்மா இண்டைக்கு வீட்டை வாறா, போய்ப் பாருங்கோ' என்பதே பல வேளைகளில் போதும். நோயின் பெயர் தேவையில்லை.

இரண்டாவது, கோயில் எல்லோருக்கும் உரியதா என்ற கேள்வி. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடக்கவேண்டியிருந்த சமூகம் இது. இன்றும் சில கோயில்களின் பரிபாலன சபைகளில் எல்லோருக்கும் இடமில்லை. கோயிலை மட்டும் நம்பினால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் சிகிச்சையிலும் வெளியே நிற்பார்கள். எச்.ஐ.வி உள்ளவர், தற்கொலைக்கு முயன்றவர், திருமணமாகாமல் கர்ப்பமான பெண் ஆகியோர் தங்கள் விடயம் கோயிலடியில் தெரிவதை விரும்பமாட்டார்கள். அதனால் மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், வாசிகசாலை என்று வேறு வாசல்களும் திறந்திருக்கவேண்டும். எந்த வாசல் என்பதை நோயாளியே தெரிவுசெய்யவேண்டும்.

மூன்றாவது, மதமாற்றம். கிராமங்களில் சபைகளுக்கிடையே ஏற்கெனவே முறுகல் இருக்கிறது. உதவியோடு துண்டுப்பிரசுரமும் வந்தால் அடுத்த வீட்டுக் கதவு மூடிக்கொள்ளும். உடன்படிக்கையில் முதலில் எழுதவேண்டியது, சுகம் விசாரிக்க வருபவர் மதம் பேசுவதில்லை என்பது. நோயாளி தானாகக் கேட்டால் அது வேறு. அதேபோல மருந்தை நிறுத்து, நேர்த்தி வை, செபம் போதும் என்று சொல்பவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் இணைப்பாளராக இருக்கமுடியாது.

நான்காவது, இந்த வேலையை யார் செய்வது என்பது. எல்லா இடத்திலும் இது பெண்களின் தலையில்தான் விழுகிறது. மாலை கட்டும் அக்காவும் குடும்பத்தைத் தனியாகக் கொண்டுநடத்துபவர்தான். மெம்பிஸில் தொண்டர்களுக்குப் பின்னால் சம்பளம் பெறும் வழிகாட்டிகள் இருந்தார்கள் என்பதை மறந்து, 'சமூகம் பார்த்துக்கொள்ளும்' என்று சுகாதாரத் துறை கைகழுவினால் அது பங்காளித்துவம் ஆகாது. ஓட்டோக் காசும் தொலைபேசிக் காசும் யாராவது கொடுக்கவேண்டும். கோயில் திருவிழாக்களுக்குப் புலம்பெயர் உறவுகள் அனுப்பும் பணத்தில் மிகச் சிறிய பங்கு இதற்குப் போதும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

பெரிய திட்டம் ஒன்று வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு பிரதேச ஆஸ்பத்திரியும் அதைச் சுற்றியுள்ள நாலைந்து கோயில்களும், ஒரு தேவாலயமும், ஒரு பள்ளிவாசலும், ஒரு மாதர் சங்கமும் சேர்ந்து தொடங்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி அழைத்தால் எல்லோரும் வந்து இருப்பார்கள். துண்டு வெட்டும்போது 'வீட்டில் யார் பார்ப்பார்கள், யாருக்கு அறிவிக்கட்டும்?' என்று கேட்க வார்ட்டில் ஒருவரை நியமிக்கவேண்டும். அட்டையில் நாலு வரி தமிழில் எழுதவேண்டும்: என்ன குளிசை, எப்போது, எந்த அறிகுறி வந்தால் உடனே வரவேண்டும், எந்த இலக்கத்துக்கு அழைப்பது. ஊரில் இணைப்பாளராக வருபவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்கவேண்டும். கால் வீக்கம், நெஞ்சு நோ, சீனி குறைந்து மயங்குதல், பாரிசவாதத்தின் முதல் அடையாளம், வாழ விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது. கூட்டத்துக்கு ஆஸ்பத்திரி போகவேண்டும். எப்போதும் ஊர்தான் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று இருக்கக்கூடாது. பஸ் வராத நாளில் கிளினிக் வைத்தால் பயனில்லை என்பதை ஊர் சொன்னால்தான் ஆஸ்பத்திரிக்குத் தெரியவரும்.

எங்கள் ஆஸ்பத்திரிகளும் ஆலயங்களும் சேர்ந்தே காயப்பட்டவை. 1987 ஒக்டோபர் 21 ஆம் திகதி தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் வைத்தியர்களும் தாதியரும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1995 ஜூலை 9 ஆம் திகதி நவாலி தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் மீது குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஓடிப்போக வேறு இடமில்லாதபோது எங்கள் சனம் ஓடிப்போன இடங்கள் இந்த இரண்டும்தான். அந்த நம்பிக்கை இன்னும் மிச்சமிருக்கிறது.

பெரியம்மாவின் வீட்டில் இப்போது ஒரு தராசு இருக்கிறது. நாங்கள் வாங்கிக் கொடுத்தது. அட்டையில் இருந்ததைப் பெரியம்மாவின் சம்மதத்தோடு ஒரு கொப்பியில் தமிழில் எழுதி, ஒரு பிரதியை மாலை கட்டும் அக்காவிடம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து அவர் வந்து நிறையைப் பார்த்து எழுதிவிட்டு எனக்கு அழைப்பெடுப்பார். போன மாதம் ஒருநாள் புதன்கிழமையே அழைத்தார். "கூடியிருக்கு. ரெண்டரைக் கிலோ. ஓட்டோவுக்குச் சொல்லிட்டன், நாங்கள் வெளிக்கிடுறம்."

அன்று பெரியம்மா வார்ட்டில் தங்கவில்லை. ஊசி போட்டு, குளிசையை மாற்றி, பின்னேரமே வீட்டுக்கு அனுப்பினார்கள். இது ஒரு குடும்பம் தனக்குத் தெரிந்த அளவில் செய்துகொண்ட ஏற்பாடு மட்டுமே. அதே ஒழுங்கையில் இன்னும் மூன்று வீடுகளில் தனியாக இருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுக்காக அழைப்பெடுக்க அக்காவிடம் இன்னும் இலக்கம் எதுவும் இல்லை.